முக்கால் பங்கு தேவை

1. பெட்டியோடு வந்தவர்

கூட்டம் மாலை நான்கு மணிக்கு. அன்று காலை பத்தரைக்கு, தாராவியில் எங்கள் கம்பெனி ஆபீஸ் மாடிப்படியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் பூட்டுப் போட்ட பெட்டி. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த அலுப்பு சட்டையிலேயே தெரிந்தது.

"ஏம்மா, பஞ்சாயத்து எங்க நடக்கு?" என்று கேட்டார்.

நான் அந்தக் கம்பெனியின் செக்ரட்டரி. எங்களிடம் அன்று நடக்க இருந்தது ஷேர்ஹோல்டர்களின் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜெனரல் மீட்டிங். அதுவும் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹாலில். பஞ்சாயத்து எதுவும் என் லிஸ்டில் இல்லை.

"தெருமுனையில ஜமாத் ஆபீஸ் இருக்கு பெரியவரே, அங்கே கேளுங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். "அங்க இல்லைங்காவ. இங்கதான்னு சொல்லுதாவ" என்றார். மறுபடியும் அங்கேயே அனுப்பினேன். வருகைப் பதிவேட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும், போண்டாவுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். கையில் லிஸ்ட் இருந்தால் எனக்கு எதிரே நிற்கும் மனிதர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். இது என் பிறவிக் குணம். அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன பஞ்சாயத்து என்று கேட்டிருந்தால் மாலையில் நான் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

2. காக்கா

மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஃபோர்ட் ஆபீஸ்களில் இருபது வருடம் குப்பை கொட்டிய பிறகு இந்தக் கம்பெனிக்கு வந்தேன். லெதர் பேக், பெல்ட் செய்கிற ஜோடிக்கிளி பேக்ஸ் லிமிடெட். கம்பெனி செக்ரட்டரி என்றால் டைப் அடிக்கிறவள் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனிச் சட்டப்படி கூட்டம், தீர்மானம், ஷேர் ரிஜிஸ்டர் எல்லாம் எங்கள் பொறுப்பு. தப்பு நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது எங்களைத்தான்.

சேர்ந்த முதல் நாள், "காக்கா வராங்க, காக்கா வராங்க" என்று ஆபீஸே பரபரத்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மாட்டுங்காவில் காக்கா என்றால் சோறு வைத்துக் கூப்பிடுகிற பறவை. வாட்ச்மேன் மராட்டிக்காரர்; அவருக்கு அது சித்தப்பா. உள்ளே வந்தவர் எங்கள் சேர்மன் மைதீன். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருடைய தம்பி காஜா கூப்பிடுவதைக் கேட்டு ஆபீஸ் முழுவதும் அப்படியே பழகிவிட்டது. ஒரு வாரம் கழித்து நானும் காக்கா என்றே சொல்ல ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு நாற்பது சதவீதம் ஷேர், தம்பிக்கு முப்பது. மீதி முப்பது சதவீதம் எண்பத்துமூன்று பேரிடம் இருந்தது. அவர்களுடைய வாப்பா கம்பெனி தொடங்கியபோது டீக்கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், கட்டிங் மாஸ்டர் என்று தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். தாராவி, ஆண்டாப் ஹில், விக்ரோலி என்று எல்லா இடத்திலும் எங்களுக்கு ஷேர்ஹோல்டர் உண்டு.

காக்காவுக்கு ஒரு ஆசை வந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கு இருபது ஷேரை ஒதுக்கி, முப்பத்தாறு தொழிலாளிகளுக்கு சர்வீஸைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஒரு ஷேர் நூறு ரூபாய் முகமதிப்பு. நாற்பது ஷேரை வைத்துக்கொண்டு முப்பத்தாறு பேருக்கு ஏற்ற இறக்கமாக எப்படிக் கொடுப்பது? அதனால் நூறு ரூபாய் ஷேரை உடைத்துப் பத்து ரூபாய் ஷேர்கள் பத்து ஆக்க முடிவு செய்தார்கள். நாற்பது நானூறாகும். தாராளமாகக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு சப்டிவிஷன் என்று பெயர். ஆபீசில் ஸ்பிளிட் என்போம்.

போர்டு மீட்டிங்கில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. காஜா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே, "ஸ்பிளிட்தானே, டீக் ஹை" என்று கையெழுத்துப் போட்டார்.

தையல் செக்‌ஷனில் இசக்கியம்மாள் என்று ஒரு சூப்பர்வைசர். இருபத்தேழு வருட சர்வீஸ். அந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறாள். ஷேர் கிடைப்பது ரோலில், அதாவது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று திட்டத்தில் ஒரு ஷரத்து. அதை எழுதிய புண்ணியவதி நான்தான். கூட்டம் இருபத்துநான்காம் தேதி. அன்று தீர்மானம் தோற்றுவிட்டால் புதிதாக நோட்டீஸ் கொடுத்து இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இசக்கி வீட்டுக்குப் போயிருப்பாள். இருபத்தேழு வருடத்துக்கு ஒரு ஷேர்கூட வராது. தினமும் என் மேஜைப் பக்கம் வந்து, "மேடம், ஆயிரும்லா?" என்று கேட்பாள். ஆயிரும், ஆயிரும் என்பேன்.

3. என் தமிழ்

நோட்டீஸ் ஆங்கிலத்தில் போகும். சட்டப்படி அதுதான் செல்லும். ஆனால் வயதான ஷேர்ஹோல்டர்கள் பலருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்பதால், கூடவே தமிழில் ஒரு தாள் வைக்கச் சொன்னார் காக்கா. ஏஜென்சியில் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் இருக்கும்போது ஏஜென்சி எதற்கு என்றேன். பள்ளியில் தமிழ்க் கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான்.

எழுதினேன். "பங்கு பிரிப்பதற்கான சிறப்புத் தீர்மானம். இதன்படி பங்கு பிரிக்கப்படும். தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு தேவை. கால் பங்குக்கு மேல் எதிர்ப்பு இருந்தால் பங்கு பிரிக்க இயலாது."

கம்பெனி தொடங்கும்போதே வாப்பா கையெழுத்திட்ட விதிகளான ஆர்ட்டிகிள்ஸ்படி ஷேர் அமைப்பை மாற்ற ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேண்டும். விழும் ஓட்டில் முக்கால் பாகம் ஆதரவாக இருக்க வேண்டும். அதனால் 'முக்கால் பங்கு ஓட்டு' என்றுதான் முதலில் எழுதினேன். ஓட்டு என்பது கொச்சையாகப் பட்டது. வாக்கு என்று மாற்றினேன். அருள்வாக்கு மாதிரி இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். வாசிக்கக் கச்சிதமாக இருந்தது. எனக்கு நானே தலையை ஆட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒன்றரை ரூம் பிளாட் தவிரப் பிரிக்க எதுவும் இருந்ததில்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. திருநெல்வேலிக்காரர்கள் காதில் பங்கு பிரிப்பது என்றால் அண்ணன் தம்பி தனித்தனியாகப் போவது. அதில் முக்கால், கால் என்று வேறு எழுதியிருக்கிறது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே, மைதீன் முக்கால் எடுத்துக்கொண்டு தம்பியைக் காலோடு கழற்றிவிடப் போகிறார் என்று ஆண்டாப் ஹில் முழுக்கப் பேச்சு. என் காதுக்கு மட்டும் வரவில்லை.

4. போன் ஒன்று, ஆள் ஒன்று

முதல் போன் சுடலைமுத்து அண்ணாச்சியிடமிருந்து. விக்ரோலியில் மளிகைக் கடை. தமிழ் வாசிக்கத் தெரியாத ஷேர்ஹோல்டர்களுக்கெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து நோட்டீஸை உரக்க வாசித்துக் காட்டியவர் அவர்தான்.

"மேடம், மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு" என்றார்.

"இதுல கஷ்டப்பட என்ன இருக்கு அண்ணாச்சி? எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

"அது சரி. எல்லா வீட்லயும் நடக்கதுதான். மிஷினெல்லாம் யாருக்கு?"

"மிஷின் கம்பெனிக்கு."

"செம்பூர் கடை?"

"அதுவும் கம்பெனிக்குத்தான்."

"அப்பம் தம்பிக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"அவருக்கு ஒண்ணு பத்தா கிடைக்கும் அண்ணாச்சி" என்றேன், பொறுமையாக.

"பத்தாதுதாம்மா. நானும் அதத்தான சொல்லுதேன்" என்று பெருமூச்சு விட்டு போனை வைத்துவிட்டார். ஷேர் ஸ்பிளிட்டுக்காக இவ்வளவு உருகுகிறாரே, என்ன பற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து காஜா வந்தார். தாராவியிலேயே பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து வாசிக்க வராது. யாரோ நோட்டீஸை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். உட்காரவில்லை.

"மேடம், இந்த முக்கால் யாரு கேட்டது?"

"யாரும் கேக்கலை. உங்க வாப்பா காலத்துலயே எழுதி வச்சிருக்கு."

"வாப்பாவா?" குரல் இறங்கிவிட்டது. "வாப்பாவே எழுதிட்டாரா?"

"கையெழுத்தோட இருக்கு. காட்டட்டுமா?"

"வேணாம். காக்காவுக்கு இது தெரியுமா?"

"அவர்தான் முதல்ல பார்த்தார். ரொம்ப சந்தோஷமா கையெழுத்துப் போட்டார்."

கண் சிவந்திருந்தது. கீழே பேக் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி என்று நினைத்தேன்.

"நான் தடுத்தா?" என்றார்.

"தாராளமா தடுக்கலாம். கால் பங்கு தாண்டினா போதும், உங்ககிட்ட முப்பது இருக்கு. ஆனா எதுக்குத் தடுக்கணும்? இசக்கியம்மா எவ்வளவு ஆசையா காத்துண்டிருக்கா தெரியுமா?"

"இசக்கியக்காவுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து காஜா அண்ணனின் அறைப் பக்கம் போகவில்லை. மதியச் சாப்பாடு தனியாக. இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டு வந்தவர்கள். காக்கா என்னிடம், "தொழிலாளிக்குக் குடுக்க அவனுக்கு மனசு வரல போல மேடம். நான் கேக்க மாட்டேன். அவனா விரும்பிக் குடுக்கணும்" என்றார். காஜா ஒருவர் எதிர்த்தாலே தீர்மானம் அவுட். அன்றும் இசக்கி வந்து, "மேடம், ஆயிரும்லா?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டு ஆயிரும் என்றேன்.

5. கூட்டம்

எங்கள் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வந்த சரித்திரம் இல்லை. அன்று அறுபத்தோரு பேர். நாற்காலி போதாமல் பக்கத்து மெஸ்ஸிலிருந்து வாங்கிப் போட்டோம். தமிழ் நோட்டீஸ் செய்த வேலை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. நினைத்தது சரிதான், என்ன வேலை செய்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுடச்சுட போண்டா வைத்தும் யாரும் தொடவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல முன்வரிசையைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். காக்கா மேடையில், காஜா கடைசி வரிசையில். காலையில் நான் இரண்டு முறை விரட்டிய பெரியவர், அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியோடு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் காக்கா, "மாமா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று எழுந்தே விட்டார். அவர் காதர் மாமா, அவர்கள் உம்மாவின் அண்ணன்.

"உன் பஞ்சாயத்துக்குத்தான்" என்றார் மாமா. காக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோரத்துக்கு வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், நேரமாகிறது என்று நான் ஆரம்பித்துவிட்டேன். தீர்மானத்தைத் தமிழில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். "பங்கு பிரிக்க..." என்று நான் சொன்ன இடத்தில் மாமா எழுந்தார்.

"நிறுத்து! நான் மௌத்தாகுற வரைக்கும் இது நடக்காது."

"நீங்க மெம்பரா?" என்றேன்.

"நான் மாமா."

"ரிஜிஸ்டர்ல மாமா இல்லை. தயவுசெஞ்சு உட்காருங்கோ."

ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. கடைசி வரிசையில் காஜா எழுந்து நின்றார்.

"நான் மெம்பர்தானே மேடம்? நான் பேசலாம்ல?"

பேசலாம் என்றேன். கதவோரம் காபித் தட்டோடு இசக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்பிளிட்ட இன்னைக்கே பண்ணுங்க. நான் சைன் போட்டிருக்கேன். ஆளுங்களுக்கு ஷேர் குடுங்க. இருபது பத்தலைன்னா என் ஷேர்லேர்ந்து இன்னும் குடுங்க. லேகின், பங்கு மட்டும் பிரிக்காதீங்க." அண்ணனைப் பார்த்தார். "காக்கா, முக்காலும் நீங்க எடுத்துக்கோங்க. அந்தக் காலும் நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். நான் உங்க கூடவே இருந்துக்கிறேன்."

காக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எதுலலே முக்கால்?" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அறுபத்தோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அப்போதுதான் அதை அவர்கள் காதால் கேட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"இல்லை, இல்லை. இது அந்தப் பங்கு இல்லை" என்று ஆரம்பித்தேன். "மூலதனத்தில ஒவ்வொரு பங்கோட முகமதிப்பையும் குறைச்சு..."

"முகத்தப் பாத்து மதிப்புக் குறைக்காவளா? இது என்ன அநியாயம்!" என்றார் அண்ணாச்சி.

"முகம்னா முகம் இல்லை அண்ணாச்சி. பங்கு அப்படியே இருக்கும், ஆனா பிரிஞ்சிருக்கும்."

"அதான் கூடாதுங்கோம்!" என்று நாலு பேர் எழுந்தார்கள்.

கதவுப் பக்கமிருந்து இசக்கியின் குரல் வந்தது. "ஏ அண்ணாச்சி! நூறு ரூவா நோட்டுக்குச் சில்லறை மாத்துதாவ. பத்து ரூவாயா பத்து நோட்டு. அம்புட்டுத்தான். யாரும் யாரையும் பிரிக்கல!"

"மெம்பர் இல்லாதவா பேசக்கூடாது" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி மேடம், பேசல" என்று சொல்லிவிட்டு அவள் காபி கொடுக்கப் போனாள்.

காஜா நெற்றியைச் சுருக்கினார். "அப்போ பங்கு பிரிக்கிறதுன்னா ஸ்பிளிட்டா?"

"ஆமாம்."

"முக்கால்?"

"அது ஓட்டு."

"அர்ரே மேடம், ஸ்பிளிட்டுக்கு ஸ்பிளிட்டுன்னே எழுத வேண்டியதுதானே!"

முதலில் அண்ணாச்சி சிரித்தார். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. மாமா மட்டும், "அப்பம் என்னை எதுக்குக் கூப்டீங்க?" என்று அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். காக்கா சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசைக்குப் போனார்.

"நான் உன்னை விட்டுட்டுப் போவேன்னு நெனச்சிட்டியாலே? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் காஜா.

நாற்பத்திரண்டு வயது ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். காக்கா கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். இப்படி ஒரு அன்பைப் போய் இத்தனை நாள் வதைத்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

பிறகு ஓட்டெடுப்பு. ஆங்கிலத் தீர்மானத்தை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் சில்லறைக் கணக்கில் விளக்கம் சொல்லி, கை தூக்கச் சொன்னேன். காஜா இரண்டு கையையும் தூக்கினார். கை ஓட்டில் ஆளுக்கு ஒன்றுதான் என்று ஒரு கையை இறக்க வைத்தேன். மாமாவும் தூக்கியிருந்தார்.

"மாமா, உங்களுக்கு ஓட்டு இல்லை."

"ரெண்டு நாள் ரயில்ல வந்துருக்கேன் தாயி. ஒரு கை தூக்கப்படாதா?"

தூக்கிக்கொள்ளுங்கோ, எண்ண மாட்டேன் என்றேன். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பத்து நிமிடத்தில் போண்டா காலி. இன்னும் இரண்டு தட்டுச் சொல்லி அனுப்பினோம். இசக்கி தட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

6. மினிட்ஸ்

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு காக்காவின் அறைக்குப் போனேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேலைய விட வேணாம் மேடம். இனிமே தமிழ்ல நோட்டீஸ் எழுதினீங்கன்னா நானே வேலைய விட்டுத் தூக்கிருவேன்" என்றார். காஜா பக்கத்தில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே என்னைப் பார்த்து, "முக்கால் காக்காவுக்கு, கால் எனக்கு" என்று மீனைப் பங்கு வைத்தார். அந்தக் கேலி நான் ரிட்டையர் ஆகும் வரை நிற்கவில்லை.

இப்போது சி.எஸ். என்கிற கம்பெனி செக்ரட்டரி படிப்பு படித்துவிட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நோட்டீஸில் சட்டம் சரியாக இருந்தால் போதாது. அதைக் காதால் கேட்கப் போகிற ஒருவரிடம் அனுப்பும் முன்பே வாசித்துக் காட்டுங்கள். இசக்கி அடுத்த செக்‌ஷனில்தான் இருந்தாள். இரண்டு நிமிட வேலை. எனக்கு அது தோன்றாததற்குக் காரணம் டிபன் பாக்ஸ் பரிசுதான். யாராவது சந்தேகம் கேட்க வந்தால், பதில் சொல்லும் முன் என்ன கேட்கிறார் என்று கேளுங்கள். பெட்டியோடு வந்தால் உட்கார வையுங்கள்.

இன்னொன்று, கூட்டக் குறிப்பான மினிட்ஸ் பற்றி. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டம் நடுவில் ஐந்து நிமிடம் நின்றது, அதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "தலைவர் தண்ணீர் அருந்துவதற்காகக் கூட்டம் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன்.

காக்கா அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "தண்ணிதானா மேடம்?"

"தண்ணிதான்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.